கைக்குப் பின் கால்

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் சாமி ஊர்வலம், முதல் நாள் இரவு எங்கள் குழித்துறை மகாதேவர் கோவிலில் தங்கும். தேவாரக்கெட்டு சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எழுந்தருளும் அந்த ஊர்வலத்தில், அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்துக் கைமாற்றப்படும் மன்னரின் உடைவாளும் வருகிறது. ஆறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதை முதன்முதலாகப் பார்த்தேன். வாளை ஏந்தி வந்தவர் அதை வெட்டுவதற்கான பிடியில் பிடித்திருக்கவில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. அப்படியென்றால் வெட்டுவதற்கான பிடி எது என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பின்னாளில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் 600, 700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஏடுகள்வரை போக வேண்டியிருந்தது.

என் 14ஆம் வயதில், மார்த்தாண்டத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், தென்னந்தோப்புக்குள் ஓலைக் கூரை போட்ட களரியில் ஆசான் ஒருவரிடம் சேர்ந்தேன். களியக்காவிளைக்கு அந்தப்புறம் தெக்கன் களரி என்றும் இந்தப்புறம் அடிமுறை என்றும் சொல்லப்படும் வித்தை அது. ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்னும் அடிவைப்புகள், கைப்போர், குறுவடி என்னும் குட்டைக் கம்பு, நெடுவடி என்னும் நீண்ட கம்பு, கத்தி, பூட்டு என்று 11 ஆண்டுகள் படித்தேன். அதில் வாளும் பரிசை என்னும் கேடயமும் கையில் இருந்த காலம் ஓர் ஆண்டுகூட இல்லை. ஆசானுக்கு அவருடைய ஆசான் கொடுத்தது ஏழு வெட்டுகளும் அவற்றுக்கான தடைகளும்தான். அந்த ஏழையும் ஒன்றுகூடக் குறையாமல் எனக்குத் தந்துவிட்டு, “இதுக்கு மேல என்கிட்ட இல்ல மக்கா” என்றார். இல்லாததை இருப்பதாகக் காட்டி இழுத்தடிக்காத அந்த நேர்மைக்காகவே அவரை இன்றும் வணங்குகிறேன்.

கம்பு எங்களிடம் முழுதாகத் தங்கியதற்கும் வாள் தேய்ந்துபோனதற்கும் வரலாற்றில் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, பாளையக்காரர்களின் போர் அடக்கப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மலைக்கு மேற்கே, 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி தோற்றதும் திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878இன் ஆயுதச் சட்டம் மிச்சமிருந்ததையும் இறுக்கியது. கம்பை ஊன்றுகோல் என்று சொல்லித் தப்பிக்கலாம். வாளுக்கு அப்படி ஒரு மறுபெயர் கிடையாது. ஒரு தலைமுறை பழகாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வெட்டுகளின் பெயர்கள்தான் மிஞ்சும்.

ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றால் கடையிலும் கூட்டம் இருக்காது. அப்படி ஒரு ஜூன் மாதத்தில்தான், கடைக் கணினியில், ஐரோப்பாவின் பழைய வாள் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, படியெடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டேன். அங்கும் வாள் வித்தை குருவிடமிருந்து சீடனுக்கு வந்த தொடர்ச்சி அறுந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃப்ரெட் ஹட்டன், எகர்டன் காசில் என்னும் இரண்டு ஆங்கிலேயர்கள் பழைய நூல்களைத் திறந்து வைத்துப் பழகிப் பார்த்தார்கள். அதன்பின் நெடுங்காலம் ஓய்ந்திருந்த அந்த முயற்சி 1990களுக்குப் பிறகு பல நாடுகளில் வலுவாக எழுந்தது. அவர்களிடம் ஏடு இருக்கிறது, ஆசான் இல்லை. எங்களிடம் ஆசான் இருக்கிறார், வாள் பாடத்துக்கு ஏடு இல்லை. இந்த இரண்டு குறைகளையும் ஒரே முற்றத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்துக்கொண்டது.

நான் முதலில் எடுத்தது, ஐரோப்பாவில் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய வாள் ஏடு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தோல் சுவடி அது. ஜெர்மனியிலிருந்த அந்தச் சுவடி இரண்டாம் உலகப் போரின்போது காணாமல் போய், 1950இல் லண்டனில் ஏலத்துக்கு வந்து, இன்று லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் ஐ 33 என்ற எண்ணோடு இருக்கிறது. 32 இதழ்கள். ஒரு பாதிரியார் ஆசானாகவும் ஓர் இளைஞன் சீடனாகவும் நின்று, ஒரு கையில் வாளும் மறு கையில் தட்டளவுக் கேடயமும் ஏந்திப் பொருதுகிறார்கள். உரை லத்தீனில் ஓடுகிறது. வித்தையின் சொற்கள் வரும் இடங்களில் மட்டும் ஜெர்மன் வந்துவிடுகிறது, ஏனென்றால் அவற்றுக்கு லத்தீனில் சொல் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. சமஸ்கிருதத்தோடு மலையாளம் கலந்த மணிப்பிரவாளம் கோலோச்சிய மண் எங்கள் மேற்கு எல்லை. களரியில் ஆசான் வாய்த்தாரி, அதாவது பயிற்சிக்கான வாய்மொழிக் கட்டளைகள், சொல்லும்போது ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் வரும். எந்தச் சொல் எந்த மொழி என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தச் சுவடி ஏழு நிலைகளைச் சொல்கிறது. வாள் இடக்கக்கத்தின் கீழே இருப்பது முதல் நிலை. வலத்தோள், இடத்தோள், தலை, வலப்பக்கம், மார்பு என்று வரிசையாகப் போய், வாளை முன்னே நீட்டிப் பிடிப்பதில் ஏழாம் நிலை முடிகிறது. புளிய மரத்தில் 90 செ.மீ. நீளத்துக்கு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை வரும்படி, ஊர் ஆசாரியிடம் இரண்டு வாள்கள் செய்து வாங்கினேன். 9 அங்குலத்துக்கு மேற்பட்ட கூர் அலகு ஆயுதச் சட்டத்தின் விதிகளுக்குள் வருவது என்பதால் இரும்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. பலா மரத்தில் வட்டம் வெட்டி, நடுவில் சிறிய இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் பொருத்தியதும் கேடயம் ஆயிற்று. பாறசாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் நண்பர் ஒருவர் துணை நின்றார். அவரும் சிறு வயதில் களரி படித்தவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர், என்னை அண்ணா என்று அழைப்பவர்.

ஏழு நிலைகளும் எங்களுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அந்த வேகத்தைக் கண்டே நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். படத்தில் பாதிரியார் முழங்காலை மடித்து, உடலை முன்னே சாய்த்து நிற்கிறார். அதைப் பார்த்த என் உடல் “இது நமக்குத் தெரிந்ததுதான்” என்று ஆசான் களரியின் தாழ்ந்த நிலைக்குத் தானாகவே போய்விட்டது. படத்தில் இல்லாத ஒரு முழ ஆழத்தை நான் சேர்த்துக்கொண்டேன். படத்தில் இருந்த முன் சாய்வை விட்டுவிட்டேன். எங்கள் களரியில் முதுகு நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் பிரம்பு விழும். 11 ஆண்டுகள் பிரம்பு திருத்திய முதுகு, 700 ஆண்டுப் பழமையான ஒரு படத்தின் பேச்சைக் கேட்கவில்லை.

முன்பயிற்சி உள்ளவர் ஏட்டிலிருந்து படிக்கும்போது வரும் ஆபத்து, அறியாமையால் வரும் ஆபத்திலிருந்து வேறுபட்டது. எதுவும் தெரியாதவர் படத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பார். திகைப்பதால் மறுபடியும் பார்ப்பார். பழகியவரோ பார்த்த கணத்திலேயே அடையாளம் கண்டுவிடுகிறார், அத்தோடு பார்ப்பது நின்றுவிடுகிறது. ஏட்டில் இருப்பது தன்னிடம் ஏற்கெனவே இருப்பதுதான் என்ற முடிவுக்கு உடல் மனத்தைவிட முன்னதாக வந்துவிடுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் நான் ஐரோப்பிய ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அடிமுறையைத்தான் ஆடினேன்.

இதற்கு ஒரு சொல்லையே சாட்சியாக வைக்கலாம். முதல் நிலையில் நிற்பவரை எதிர்க்க அந்தச் சுவடி தரும் வழிகளுள் ஒன்று ஹால்ப்ஷில்ட், அதாவது அரைக்கேடயம். வாளையும் கேடயத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து முன்னே ஏந்தி உள்ளே போவது. அப்படி ஒருவர் வந்தால் மற்றவர் செய்ய வேண்டியதைச் சொல்லும் செய்யுள் வரி, வாளுக்கும் கேடயத்துக்கும் கீழே விழு என்கிறது. விழு என்றதும் நான் உட்கார்ந்தேன். ஆம், முழுமையாகக் குதிகாலில் அமர்ந்து, அங்கிருந்து மேல்நோக்கிக் குத்தினேன். கத்திப் பாடத்தில் எங்களுக்கு அப்படி ஓர் அமர்வு உண்டு. நண்பர் ஒவ்வொரு முறையும் என் தலையைத் தொட்டார். நான் இன்னும் வேகமாக உட்காரப் பழகினேன். அவர் இன்னும் எளிதாகத் தலையைத் தொட்டார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள், செய்யுளை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தோம். படத்தில் யாரும் உட்காரவில்லை. கீழே விழுந்திருப்பது வாள். தன் வாளை எதிராளியின் வாளுக்கும் கேடயத்துக்கும் கீழே தாழ்த்தி, அங்கே அவரைச் சந்திப்பதற்கான கட்டளை அது. கட்டளைக்கு எழுவாய் எழுதப்படவில்லை. விடுபட்ட எழுவாயை என் உடல் தானே நிரப்பிக்கொண்டது.

கட்டைவிரல் முறிந்ததும் அந்தக் காலத்தில்தான். ஒரு வெட்டை மேலே தடுக்கும்போது நண்பரின் வாள் என் வாளின் மேல் வழுக்கி வந்து வலக் கட்டைவிரலில் இறங்கியது. இருவரும் கிரிக்கெட் கையுறை போட்டிருந்தோம், அது போதவில்லை. விளையாட்டு வாள்வீச்சுக்கான முகமூடி பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது முன்னாலிருந்து வரும் குத்துக்காகச் செய்யப்பட்டது, பின்தலையை மறைக்காது. மர வாளால் வெட்டிப் பழகுகிறவர்கள் பின்தலைக்குத் தனியாகக் காப்பு வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது விரல் முறிந்த பிறகுதான் உறைத்தது.

கட்டுப் போட ஆசானிடம்தான் போனேன். எங்கள் ஊரில் அடி சொல்லிக் கொடுப்பவரே முறிவுக்கும் வைத்தியர். விரலை நேராக்கி, மூங்கில் சிம்பு வைத்து, முறிவெண்ணெய் ஊற்றிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“பரிசைய எங்க வச்சிருந்த?”

இடது தோளுக்கு முன்னால் என்றேன். எங்கள் பரிசை அகலமானது, அது மார்பைக் காக்கும், ஆகவே அங்கேதான் இருக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல், நான் மடித்து வைத்திருந்த படத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, லத்தீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார்.

“இது பரிசையே இல்ல மக்கா. இவன் கைய மூடுறான். பாரு, எல்லாப் படத்துலயும் வாள் பிடிச்ச கைக்கு மேலதான் அந்தத் தட்டு இருக்குது. நீ நெஞ்சக் காத்த, அவன் விரலக் காக்குறான்.”

இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பக்கத்திலும் என் கண்ணுக்கு எதிரேயே இருந்த செய்தி அது. வாளும் கேடயமும் ஒன்றாகவே போகின்றன, வாள் கை எங்கே போனாலும் கேடயம் அதன் மேல் நிழலாகப் போகிறது. அந்தச் சிறிய வட்டத்துக்கு வேறு பயன் இருக்கவும் முடியாது, அது உடலை மறைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. ஆசானுக்கு அது உடனே தெரிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவர் படத்தில் தன் வித்தையைத் தேடவில்லை. படத்தில் இருப்பவர்களின் விரல்களுக்கு என்ன ஆகும் என்று வைத்தியராகப் பார்த்தார்.

அன்று முதல் பயிற்சி முறையை மாற்றினோம். ஏட்டைப் படிக்கும் நாள் வேறு, ஆடும் நாள் வேறு என்று பிரித்தோம். படிக்கும் நாளில், படத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுவோம். எந்தக் கால் முன்னே, எந்த முழங்கால் மடிந்திருக்கிறது, வாளின் எந்த விளிம்பு எதைத் தொடுகிறது, கண் எங்கே பார்க்கிறது என்று எழுதிவிட்டு, அந்தப் படத்தில் எங்கள் உடல் எதைச் செய்ய விரும்புகிறது என்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுவோம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் இடங்களைத்தான் அதிகமாகச் சந்தேகிப்போம். இந்த முறை சலிப்பூட்டுவது, ஒரு படத்துக்கு ஒரு மாதம்கூட ஆகும். ஆனாலும் முன்பயிற்சி உள்ளவர்களுக்கு இதைவிடக் குறுகிய வழியை நான் காணவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருத்தம் காலிலிருந்து வந்தது. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். தோட்டத்துக்குள் கணுக்கால் வரை சருகு. அதன் மேல்தான் அந்த ஆண்டு பழகினோம். எங்கள் களரியில் அடி என்பது காலில் தொடங்குவது. கால் பதிந்து, இடுப்பு திரும்பி, அதன்பின் கை வரும். கம்புக்கு அதுவே பலம். அந்தப் பலத்தை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் என் வெட்டுகள் அத்தனையையும் தடுத்தார். வேகத்தை மாற்றியும், பக்கத்தை மாற்றியும் பார்த்தேன், தடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவர் என் வாளைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்து, எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“அண்ணா, வாள் வர்றதுக்கு முன்னே கால் வந்துருது. சருகு சொல்லித் தருது” என்றார்.

1599இல் ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் எழுதிய வாள் நூலில் இதற்குப் பெயரே இருக்கிறது. கை மட்டும் போவது, கையும் உடலும் போவது, கையும் உடலும் பாதமும் போவது, கையும் உடலும் இரு பாதங்களும் போவது என நான்கு மெய்க் காலங்களை அவர் சொல்கிறார். இவற்றையே தலைகீழாக்கி, பாதத்தை முதலில் வைத்தால் கிடைக்கும் நான்கும் பொய்க் காலங்கள். கை விரைவானது, கால் மெதுவானது. மெதுவானதை முதலில் அனுப்பினால் விரைவானது அதற்காகக் காத்திருக்க நேர்கிறது, அந்தக் காத்திருப்பை எதிராளி பார்த்துவிடுகிறார் என்பது அவருடைய வாதம். இதை நான் முன்பே படித்து, நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். எனக்கு இது பொருந்தாது, எங்கள் கால் விரைவானது என்று ஓரத்தில் குறித்தும் இருந்தேன். சருகு அந்தக் குறிப்பை அழித்தது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆசான் கற்றுத் தந்த கால் தவறானது அல்ல. நெடுவடிக்கு ஆளுயர நீளம் இருக்கிறது. கால் பதியும் கணத்தில் கம்பின் மறுமுனை ஏற்கெனவே எதிராளியின் வழியை அடைத்து நிற்கும், அந்தக் காவலுக்குள்தான் கால் போகிறது. வெறுங்கையாக இருந்தால் தொடும் தூரத்துக்கு வந்தாலொழிய அடிக்கவே முடியாது, கால் முதலில் போவது தவிர வழியில்லை. மூன்றடிக்கும் குறைவான வாள் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. காலை முதலில் வைத்தால், காவல் இல்லாமல் எதிராளியின் வெட்டுக்குள் நானே போய் நிற்கிறேன். ஆயுதத்தின் நீளம் மாறினால் காலத்தின் வரிசை மாறும். இதை எங்கள் களரியில் யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படும் அளவுக்கு வாள் எங்கள் கையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கையை முதலில் அனுப்பக் கற்பதற்கு எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சுவருக்கு முன் நின்று, கை நீண்டு வாள் முனை சுவரில் வரைந்த புள்ளிக்கு நேராக வந்த பிறகே முன்காலைத் தூக்குவது என்று, தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் 100 முறை செய்தேன். முதல் சில மாதங்கள் வெட்டில் பலமே இருக்காது, பழைய உடல் அழும். பிறகு, காலின் எடை வெட்டுக்குப் பின்னால் வந்து சேரும் சுகத்தை உடல் மெதுவாகத் தெரிந்துகொள்கிறது.

ஏடுகளே ஏடுகளைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். ஜெர்மானியர்களின் நீண்ட வாள் மரபுக்கு யோஹன்னஸ் லீக்டனவர் மூல ஆசான். அவருடைய பாடம், வெளியார் படித்தால் விளங்காதபடி மறைபொருளாக்கிய செய்யுள்களாகவே வந்திருக்கிறது. அதற்கு உரை சொல்லும் சுவடிகளுள் ஒன்று நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் 3227ஏ என்ற எண்ணில் இருக்கிறது. பொருதும் வித்தையைக் கையால் காட்டிப் புரியவைப்பதுபோலச் சொல்லாலும் எழுத்தாலும் தெளிவாக விளக்க முடியாது என்று அதை எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். அதற்குச் சற்றேறக்குறைய அதே காலத்தில், வட இத்தாலியில், ஃபியோரே தேய் லிபெரி நேரெதிராகச் சொல்கிறார். நூல் இல்லாமல் இந்த வித்தையில் யாரும் நல்ல ஆசானாகவோ நல்ல மாணவனாகவோ ஆக முடியாது என்று தன் மாணவர் கலேயட்சோ சொன்னதை எடுத்துச் சொல்லி, அது சரிதான் என்று தானும் உறுதி சொல்கிறார். இந்த வித்தையில் அத்தனை விஷயங்கள் இருக்கின்றன, எவ்வளவு பெரிய நினைவாற்றல் உள்ளவருக்கும் எழுத்து இல்லாமல் அவற்றில் நாலில் ஒரு பங்குகூட நினைவில் நிற்காது என்பது அவர் தரும் காரணம்.

இரண்டு பேரும் சரி என்பதற்கு என் களரியே சான்று. என் ஆசானின் ஆசானுக்கு ஏழு வெட்டுகளுக்கு மேல் தெரிந்திருக்கலாம். எழுதி வைக்காததால் ஏழுதான் வந்தது. ஐ 33 சுவடியில் எல்லாம் எழுதியிருக்கிறது. கையால் காட்ட யாரும் இல்லாததால் ஏழு மாதம் நான் குதிகாலில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

ஃபியோரே எனக்கு நெருக்கமானவர் ஆனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் ஃப்ரியூலிக்காரர். இத்தாலிய, ஜெர்மன், ஸ்லாவிய மொழிகள் சந்திக்கும் எல்லை நிலம் அது. இத்தாலிய ஆசான்களிடமும் ஜெர்மானிய ஆசான்களிடமும் படித்ததாக அவரே சொல்கிறார். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த விளவங்கோட்டில் வாழ்ந்துகொண்டு, இரண்டு மொழியில் அடி படித்த எனக்கு அது சாதாரணச் செய்தியாகத் தோன்றவில்லை. அவருடைய நூலின் நான்கு கைப்பிரதிகள் இன்று கிடைக்கின்றன. படங்களுக்கு அவர் ஒரு இலக்கணமே வகுத்திருக்கிறார். தலையில் முடி சூடியவர் ஆசான். காலில் பட்டை கட்டியவர் அந்த ஆசானின் வழியில் வெல்லும் மாணவன். முடியும் பட்டையும் சேர்ந்து அணிந்தவர் இவர்களை முறியடிக்கும் மாற்று ஆசான். ஒரு சொல்கூடப் படிக்காமல், படத்தில் யார் வெல்கிறார், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். பழகியவரின் உடல் படத்தைத் தன் விருப்பப்படி படிப்பதற்கு இந்த நூல் அதிக இடம் தருவதில்லை.

அந்நூலில் நான்கு விலங்குகள் சூழ நிற்கும் மனிதனின் படம் ஒன்றும் இருக்கிறது. கண்ணுக்கு லின்க்ஸ் பூனை, வேகத்துக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம். பாதத்தின் கீழே, முதுகில் கோட்டையைச் சுமந்தபடி, உறுதிக்கு யானை. அதைப் பார்த்ததும் ஆசானுக்குக் காட்டத் தோன்றியது. யானையின் கால் மூட்டுகளை மட்டும் ஓவியர் சரியாகப் போடவில்லை என்றார். அவர் சொன்னது சரி. கோவில் யானையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்களின் கண் அது.

முன்பயிற்சியால் வந்த கேட்டையே இதுவரை சொன்னேன். அது இல்லாவிட்டால் என்னால் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. ஜெர்மானிய உரைகளில் முன், பின், இன்டெஸ் என்று மூன்று சொற்கள் வருகின்றன. முன் என்பது நாம் முந்திக்கொள்வது, பின் என்பது பிந்தி நிற்பது. இன்டெஸ் என்பது அதே கணத்திலேயே என்று பொருள்படும். வாளும் வாளும் ஒட்டிய நொடியில், எதிராளியின் வாள் வலிதாக அழுத்துகிறதா, மெலிதாக நிற்கிறதா என்று உணர்ந்து, உணர்ந்த அதே கணத்தில் செய்ய வேண்டும் என்கிறார்கள். மெலிதென்றால் நேரே உள்ளே போ, வலிதென்றால் விட்டுக்கொடுத்து வேறு பக்கம் வா. படிப்பவருக்கு இது வெறும் சொல். குறுவடியும் குறுவடியும் ஒட்டியிருக்கும்போது மணிக்கட்டில் வரும் செய்தியைக் கேட்டுப் பழகிய கைக்கு, முதல் நாளிலேயே அது பொருள். கூட்டச்சுவட்டில் ஆசான் எங்கள் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, முன்கையை முன்கையோடு ஒட்டவைத்துப் பழக்குவார். அந்த இருட்டில் கற்றதை எந்த ஏட்டாலும் தந்திருக்க முடியாது. அதைக் கற்றிருந்ததால்தான், ஏட்டில் அந்த வரி வந்தபோது அது எதைப் பற்றியது என்று என்னால் அறிய முடிந்தது.

பழகிய உடலை எங்கே நம்புவது, எங்கே தடுப்பது என்பதற்கு நான் இப்போது வைத்திருக்கும் அளவு இதுதான். தொடுகை, தூரம், அச்சம் ஆகிய மூன்றிலும் உடலை நம்புகிறேன். வடிவத்தில், கால வரிசையில், நிற்கும் விதத்தில் ஏட்டை நம்புகிறேன். இன்னொருவருக்கு இந்தக் கோடு வேறு இடத்தில் விழலாம்.

சென்ற ஆண்டு ஆசான் தன் வர்ம ஏட்டை எனக்குக் காட்டினார். ஓலையிலிருந்து அவரே இளமையில் நோட்டில் எழுதிக்கொண்ட பாடல்கள். 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 இடங்கள், விரலளவில் அவற்றின் தூரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாத்திரை அழுத்தம் என்பது வரை செய்யுளில் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பாடல்களைக் கேட்டால் ஓசையாகத்தான் கேட்கும். இந்த முறை ஒவ்வொரு வரியிலும் எழுவாய் எங்கே என்று தேடினேன். “இதில் விரல் என்பது யாருடைய விரல், வைத்தியரின் விரலா, அடிபட்டவரின் விரலா?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியைத் தான் தன் ஆசானிடம் கேட்க ஆறு வருடம் ஆயிற்று என்றார். அடிபட்டவரின் விரல்தான் கணக்கு. கால் மாத்திரை, அரை மாத்திரை என்பதை என் முன்கையில் தன் பெருவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். அதை இங்கே எழுதிக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

ஐ 33 சுவடியின் கடைசிப் பக்கங்களில் சீடனுடைய இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். வால்புர்கிஸ் என்று பெயர் எழுதியிருக்கிறது. நீண்ட அங்கியோடு, பாதிரியாருக்கு எதிரே, அவருக்கு நிகராகப் பொருதுகிறாள். என் 13 வயது மகள் அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வருகிறாள். நான் ஓராண்டு சுவருக்கு முன் நின்று கற்ற கையை அவள் மூன்றாவது வாரத்திலேயே செய்தாள். மறக்க வேண்டியது எதுவும் அவளிடம் இல்லை. ஆனால் தூரம் தெரியவில்லை. நண்பரின் வாள் எட்டும் இடத்தில் நின்றுகொண்டு, எட்டாத இடத்தில் நிற்பதாக நினைக்கிறாள். வாள்கள் ஒட்டியதும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அவளுக்கு முதலில் ஏட்டைக் கொடுப்பதா, கம்பைக் கொடுப்பதா என்று எனக்கு முடிவு தெரியவில்லை. கம்பைக் கொடுத்தால் காலை முதலில் வைக்கும் பழக்கம் வந்து உட்கார்ந்துவிடும், பின்னால் அதைக் கழற்ற என்னைப் போல அவளும் அழ வேண்டும். கொடுக்காவிட்டால் இன்டெஸ் அவளுக்கு எந்நாளும் ஒரு சொல்லாகவே இருந்துவிடும். ஆசானிடமே கேட்டேன். 81 வயதில் அவர் இப்போது யாருக்கும் சுவடு சொல்லிக் கொடுப்பதில்லை. அவளை அழைத்து, வலக்கையை நீட்டச் சொல்லி, தன் முன்கையை அதன் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அவள் எதிர்த்து அழுத்தினாள். அவர் சட்டென்று விட்டுக்கொடுத்தார், அவள் முன்னே தடுமாறினாள். மறுபடியும் வைத்தார். பத்துப் பன்னிரண்டு முறை. கடைசி இரண்டு முறையில் அவள் தடுமாறவில்லை.

“காலை நான் தொட மாட்டேன். கைய மட்டும் என்கிட்ட விடு” என்றார் ஆசான்.

வருகிற ஞாயிறு முதல் காலை ஆறு மணிக்கு அவள் அங்கே போகிறாள். துண்டு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.